ரோல் காலில் பெயர் கூப்பிட ஆளில்லை: பட்டாளத்தை விட்டவர்களுக்கு ஏன் இந்த ஏக்கம்?

பழையபெட்டி · செவ்வாய், இரவு 10:42

வணக்கம். காலாட்படையில் 17 வருடம் சர்வீஸ் முடித்து வெளியே வந்து நாலு வருடம் ஆகிறது. உடம்பில் பெரிய குறை இல்லை, வேலை இருக்கிறது, வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. அப்படியும் ஏதோ ஒன்று குறைகிறது. என்னவென்று எனக்கே சொல்ல வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போரை நான் தேடவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து 'துப்பாக்கி மோகம்' என்பார்கள். துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்தே வெறுத்துப்போனவன் நான். சம்பளத்தைத் தேடவில்லை. அதிகாரிகளை நிச்சயமாகத் தேடவில்லை.

பாரக்கில் விளக்கணைத்த பிறகு இருட்டில் முப்பது பேர் மூச்சு விடும் சத்தம் இருக்கிறதே, அதைத் தேடுகிறேன். ஒருவன் குறட்டை விடுவான், ஒருவன் தூக்கத்தில் யாரையோ திட்டுவான், மூலையில் ஒருவன் போர்வைக்குள் டார்ச் அடித்துக் கடிதம் எழுதுவான். அப்போதெல்லாம் ஒரே ஒரு ராத்திரியாவது தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க மாட்டோமா என்றிருக்கும். இப்போது தனி அறை இருக்கிறது. தூக்கம்தான் இல்லை.

போன வாரம் ஆபீசில் ஒருவர் மூன்று நாள் வரவில்லை. யாரும் விசாரிக்கவில்லை. நாலாம் நாள் வந்து "காய்ச்சல்" என்றார். "ஓ" என்றார்கள். அவ்வளவுதான். எங்கள் செக்‌ஷனில் (பட்டாளத்தின் சின்னக் குழு அது) ஒருவன் மூன்று நிமிடம் கண்ணில் படாவிட்டால் போதும், "அவன் எங்கேடா?" என்று நாலு குரல் கிளம்பும்.

இது எனக்கு மட்டும்தானா?

மூன்றாம்பிளட்டூன் · செவ்வாய், இரவு 11:30

தம்பி, நான் வெளியே வந்து 22 வருடம். உனக்கு மட்டும் இல்லை.

இரவு இரண்டு மணி சென்ட்ரி (காவல்) டியூட்டிக்கு ஒருவன் நம்மை எப்படி எழுப்புகிறான் என்பதிலேயே அவன் யாரென்று தெரிந்துவிடும். புது ஆள் தோளைப் பிடித்து உலுக்குவான், நாம் திடுக்கிட்டுக் கையை ஓங்குவோம். பழகியவன் கால் கட்டைவிரலை லேசாக அழுத்துவான், அப்புறம் இரண்டடி தள்ளி நின்றுகொள்வான். எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவன் இன்னொன்றும் செய்வான். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் இல்லையா, அதுவரை அவன் தூங்கப் போக மாட்டான். தன் டியூட்டி முடிந்த பிறகும் என் பக்கத்திலேயே நின்று, என் கண்ணுக்கு வேலி தெரிய ஆரம்பித்ததும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போவான். யாரும் உத்தரவு போட்டதில்லை. நன்றி சொன்னால் அசிங்கமாகத் திட்டுவான்.

வெளியே வந்த பிறகு எனக்கு நல்ல நண்பர்கள் அமையாமல் இல்லை. எல்லோரும் பிறந்த நாளுக்கு வாழ்த்துகிறார்கள். என்னை எப்படி எழுப்ப வேண்டும் என்று தெரிந்தவன் ஒருவனும் இல்லை.

அளவுகோல் · புதன், காலை 7:05

நான் பட்டாளத்தில் இருந்ததில்லை, இதைப் பற்றிப் படிப்பவன் மட்டுமே. தவறாக ஏதும் சொன்னால் திருத்துங்கள்.

பழையபெட்டி சார் 'மூச்சு விடும் சத்தம்' என்று சொன்னது சும்மா பழைய ஞாபகம் என்று எனக்குத் தோன்றவில்லை. வில்லியம் மெக்நீல் என்ற வரலாற்றாசிரியர் 1941-ல் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு டெக்ஸாஸில் பயிற்சி எடுத்தார். ஆயுதம்கூடச் சரியாக இல்லாத முகாம். வேறு வேலை இல்லாததால் மணிக்கணக்காக நடை பழக்கினார்கள். அர்த்தமில்லாத வேலை என்று மூளை சொன்னாலும், எல்லோரோடும் சேர்ந்து கால் எடுத்து வைக்கையில் உள்ளே ஏதோ பெருகியது, தான் பெரிதாகி விரிந்தது போல இருந்தது என்பது அவர் அனுபவம். அரை நூற்றாண்டு கழித்து, 1995-ல், அதை விளக்க ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 'தசை வழிப் பிணைப்பு' என்பது போல ஒரு பெயரும் வைத்தார்.

2010-ல் ஆக்ஸ்ஃபோர்டில் படகு வலிக்கும் வீரர்கள் 12 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. தனியாகத் துடுப்பு வலித்த பிறகும் குழுவாக வலித்த பிறகும் எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உழைப்பு ஒரே அளவுதான், ஆனால் சேர்ந்து துடுப்பு போட்ட பிறகு வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். ஆனாலும் வருடக்கணக்காக ஒன்றாக நடந்து, ஓடி, சுமந்து, தூங்கி எழுந்த உடம்புக்கு அது ஒரே நாளில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசிக்க வைக்கிறது.

மேல்தளம் · புதன், காலை 9:48

கடற்படைக்காரன் நான். எங்களுக்கு நடை குறைவு, இடமே கிடையாது. ஒரு கட்டிலை இரண்டு பேர் முறை வைத்துப் பயன்படுத்துவோம். அவன் எழுந்து டியூட்டிக்குப் போவான், நான் அவன் விட்ட சூட்டில் படுப்பேன். சொன்னால் அருவருப்பாக இருக்கும். எனக்கு இன்று அது அருவருப்பாக இல்லை.

நேர்க்கேள்வி · புதன், மதியம் 1:15

எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள். நானும் ஆறு வருடம் இருந்தவன்தான். எனக்கு ஏக்கம் துளியும் இல்லை.

பழையபெட்டி, நீங்கள் சொன்ன அந்த முப்பது பேர் மூச்சுச் சத்தம் எனக்கும் நினைவிருக்கிறது. வேறு மாதிரி. பயிற்சியின் மூன்றாம் மாதம் நான் ஓட்டத்தில் பின்தங்கியதால் செக்‌ஷன் முழுவதற்கும் தண்டனை கிடைத்தது. அன்று ராத்திரி என் மேல் போர்வையைப் போட்டு மூடி நாலைந்து பேர் அடித்தார்கள். மீதிப் பேர் தூங்குவது போல் கிடந்தார்கள். யார் நிஜமாகத் தூங்குகிறான், யார் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று போர்வைக்குள்ளிருந்தே எனக்குத் தெரிந்தது.

காலையில் அதே ஆட்கள் என் பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஓடினார்கள். இதைத்தான் தோழமை என்கிறீர்கள். பின்தங்குகிறவனை அடித்தாவது இழுத்துப் போவது. எனக்கு அது வேண்டாம்.

இன்னொன்று. நண்பன் என்றால் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே யார் யாரைத் தேர்ந்தெடுத்தோம்? கட்டில் நம்பர் போட்ட குமாஸ்தா தேர்ந்தெடுத்தான்.

பழையபெட்டி · புதன், இரவு 9:20

நேர்க்கேள்வி, உங்கள் பதிவை நாலு தடவை படித்தேன். எங்கள் பாரக்கிலும் அப்படி ஒரு ராத்திரி உண்டு. நான் அடிக்கவில்லை. தூங்குவது போல் கிடந்தவர்களில் ஒருவன் நான். அதை இந்த இழையைத் தொடங்கும்போது மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எழுதாமல் விட்டேன். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது.

கட்டில் நம்பர் பற்றிச் சொன்னது மட்டும் எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. தேர்ந்தெடுக்காததுதான் அங்கே விசேஷம். வெளியே எனக்குக் கிடைக்கும் நண்பர்கள் எல்லோரும் என்னைப் போலவே பேசுகிறவர்கள், என்னைப் போலவே யோசிக்கிறவர்கள். அங்கே எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவனோடு எனக்கு எதுவுமே ஒத்துப்போகாது. அவன் மொழி வேறு, சாமி வேறு, அவன் விசில் அடிக்கும் பழக்கத்தால் கொலை செய்யத் தோன்றும். பிடிக்கவில்லை என்று விலகிப் போக வழியில்லாததால் பழகித் தொலைக்க வேண்டியிருந்தது. இன்று எனக்கு யாரோடாவது மனஸ்தாபம் என்றால் போனை எடுக்காமல் விட்டுவிடுகிறேன். அங்கே அது முடியாது. சாயங்காலம் அவன்தான் என் முதுகுப்பை வாரை இறுக்க வேண்டும்.

மருந்துப்பை · வியாழன், காலை 6:30

கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். நான் பெண். படை மருத்துவப் பிரிவில் 11 வருடம்.

வேலை நேரத்தில் நான் அவர்களில் ஒருத்தி. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை என் கையில் இருக்கும்போது நான் ஆணா பெண்ணா என்று யாரும் பார்த்ததில்லை. வேலை முடிந்து நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சிரிக்கும்போது நான் போய் நின்றால் சிரிப்பு நிற்கும். இன்றும் ஒன்றுகூடல் அழைப்பு வருகிறது, 'அன்புச் சகோதரர்களே' என்று. ஆகவே எனக்குக் கிடைத்தது பாதித் தோழமைதான். அந்தப் பாதிக்காகவும் ஏங்குகிறேன், அதுதான் எனக்கே வியப்பு.

யோசித்துப் பார்த்தால் எனக்குக் குறைவது இது. என் கூட்டத்தில் யாருக்கு என்ன ரத்த வகை, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் ஊசியைப் பார்த்தால் மயங்குவான், யார் வலித்தாலும் சொல்ல மாட்டான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்னொருவர் உயிரைப் பற்றி அவ்வளவு தெரிந்துவைத்திருந்தேன். அவர்களுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. இப்போது நான் குடியிருக்கும் மாடியில் எதிர் வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று ஒரு தயக்கம்.

அளவுகோல் · வியாழன், காலை 8:12

அக்கா சொல்வதும் நேர்க்கேள்வி சொல்வதும் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன என்று நினைக்கிறேன். ராபர்ட் மக்கூன் என்ற ஆய்வாளர் 1990-களில் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார். ஒருவரையொருவர் பிடித்துப்போவது ஒரு விதப் பிணைப்பு, ஒரே வேலையை முடிக்க வேண்டும் என்று கட்டுப்பட்டிருப்பது இன்னொரு விதம். குழு நன்றாக வேலை செய்வதற்கு இரண்டாவதுதான் முக்கியம், முதலாவது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவர் வாதம். ஸ்ட்ரெச்சர் கையில் இருக்கும்போது அக்கா உள்ளே, சிரிப்பு வட்டத்தில் வெளியே. இரண்டும் வேறு வேறு சமாசாரம் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

'தோழனுக்காகத்தான் சண்டை போட்டோம்' என்று எல்லோரும் சொல்வதை ஆய்வுகளும் ஓரளவுக்குச் சொல்கின்றன, ஆனால் முழுக்க அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களிடம் சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற சமூகவியலாளரின் குழு கருத்துக் கேட்டது, 1949-ல் வெளியானது. 'எது உங்களைத் தொடர்ந்து போராட வைத்தது' என்ற கேள்விக்கு அதிகம் வந்த பதில் தோழமை இல்லை. இந்த வேலையை முடித்துத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான். தோழமை அதற்கு அடுத்தபடி, அதுவும் நல்ல இடைவெளியில்.

அதே போரில் ஜெர்மானியப் படை கடைசிவரை சிதறாமல் நின்றதற்குச் சின்னக் குழுக்களின் நட்பே காரணம் என்று 1948-ல் ஷில்ஸ், ஜானோவிட்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் எழுதினார்கள், அது ரொம்பக் காலம் வேதவாக்காக இருந்தது. பிறகு ஓமர் பார்டோவ் என்ற வரலாற்றாசிரியர் வந்து, கிழக்குப் போர்முனையில் சாவு எண்ணிக்கை அவ்வளவு அதிகம், நட்பு உருவாகவே நேரமில்லாத இடத்திலும் சண்டை போட்டார்களே, அங்கே கொள்கை வெறியும் கடும் தண்டனையும் இருந்தனவே என்று கேட்டார்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 லிபியப் புரட்சியில் போராடிய 179 பேரிடம் எடுத்த ஆய்வு 2014-ல் வந்தது. உங்கள் குடும்பமா, உங்கள் படைக்குழுவா, யாரோடு அதிகமாக ஒன்றிப்போயிருக்கிறீர்கள் என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, போர்முனையில் நின்றவர்களில் 45 சதவீதம் பேர் படைக்குழு என்றார்கள். பின்னால் இருந்து உதவியவர்களில் 28 சதவீதம்.

சாளரம் · வியாழன், மாலை 4:02

நான் ராணுவத்தில் இருந்ததில்லை. இருந்தவரைக் கட்டிக்கொண்டவள். பேசலாமா?

அந்த 45 சதவீதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, ஒரு நிம்மதி வந்தது. ஆக நானாகக் கற்பனை செய்துகொண்டது இல்லை. என் கணவர் யாரிடமும் சத்தமாகச் சிரிக்க மாட்டார். வருடத்தில் இரண்டு மூன்று தடவை பழைய யூனிட் ஆள் ஒருவர் போன் செய்வார். அப்போது அடுத்த அறையிலிருந்து ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் கல்யாணமாகி 19 வருடத்தில் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். ஒட்டுக்கேட்டும் பார்த்துவிட்டேன். நிஜமாகவே ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பரேடுக்கு வந்த கதை. நூறாவது தடவை.

அவர் வெளியே வந்த முதல் வருடம் எங்களை எண்ணுவார். நாங்கள் நாலே பேர். ரயில் ஏறினால் எண்ணுவார், கடைக்குள் நுழைந்தால் எண்ணுவார். ராத்திரி பிள்ளைகள் படுத்த பிறகு டார்ச்சோடு வந்து எண்ணிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிள்ளைகள் கேலி செய்ய, நிறுத்திவிட்டார். பழையபெட்டி சார் எழுதியதைப் பார்த்த பிறகு, நிறுத்த வைத்தது தப்போ என்று தோன்றுகிறது.

ஒன்று கேட்க வேண்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் அங்கே முப்பது பேரோடு இருந்தீர்கள். நாங்கள் இங்கே தனியாக இருந்தோம். வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தபோது, பிள்ளைக்கு ராத்திரியில் மூச்சு இரைத்தபோது, எனக்கு எந்த செக்‌ஷன் இருந்தது? உங்கள் ஏக்கத்தைப் பற்றிப் பேச ஒரு இழை இருக்கிறது. எங்களுடையதற்கு?

மூன்றாம்பிளட்டூன் · வியாழன், இரவு 10:10

அம்மா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இந்தப் பெண்ணோட நம்பர் கிடைக்குமா" என்றாள்.

அளவுகோல் · வெள்ளி, காலை 7:40

சாளரம் அவர்களுக்கு: ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்ற சமூகவியல் சிந்தனையாளர், முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ஹங்கேரியப் படையில் இருந்தவர், 1945-ல் வீடு திரும்புகிறவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போனவன் மாறிவிட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். வீடும் அதே காலத்தில் மாறிக்கொண்டிருந்தது என்பதைத் திரும்பி வருபவன் எதிர்பார்ப்பதில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லத் தெரிவதில்லை. உங்கள் பதிவு அதன் மறுபக்கம்.

புதுசு · வெள்ளி, மதியம் 12:25

எனக்கு இன்னும் மூன்று மாதத்தில் டிஸ்சார்ஜ். 8 வருட சர்வீஸ். இந்த இழையைப் படித்ததும் பயமாக இருக்கிறது. இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்? கடைசி நாள் எப்படி இருக்கும்?

மேல்தளம் · வெள்ளி, மதியம் 12:51

எல்லோருடைய நம்பரையும் பேப்பரில் எழுதி வை. போன் தொலையும். வீட்டு முகவரியும் வாங்கு. ஆள் நம்பர் மாற்றுவான், அவன் அம்மா வீடு மாற மாட்டாள்.

மூன்றாம்பிளட்டூன் · வெள்ளி, இரவு 8:44

தம்பி, கடைசி நாள் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். சாமான்களை ஒப்படைத்துவிட்டு ஒவ்வொரு மேஜையாகக் கையெழுத்து வாங்க வேண்டும். போர்வை ஒன்று குறைகிறது என்று ஸ்டோர்காரன் தகராறு செய்வான். அன்று உன் செக்‌ஷன் எங்கேயாவது டியூட்டியில் இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. வாசலில் நின்ற சென்ட்ரி புதுப் பையன், என்னைத் தெரியாது, பாஸைக் காட்டச் சொன்னான்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சேரும்போது கூட்டமாகச் சேர்க்கிறார்கள். ஒரே நாளில் முடி வெட்டி, ஒரே சைஸ் சட்டையைக் குட்டைக்கும் நெட்டைக்கும் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். வெளியே அனுப்பும்போது ஒவ்வொருவராக, தனியாக. உள்ளே வரும் வழிக்கு அத்தனை சடங்கு, வெளியே போகும் வழிக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு.

அளவுகோல் · வெள்ளி, இரவு 11:03

அண்ணே, நீங்கள் சொல்லும் இந்தத் 'தனித்தனியாக அனுப்புவது' சரித்திரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. 1945-ல் ஐரோப்பாவில் போர் முடிந்ததும் அமெரிக்கப் படை ஒரு புள்ளிக் கணக்கு வைத்தது. எத்தனை மாதம் சர்வீஸ், எத்தனை மாதம் வெளிநாடு, எத்தனை பதக்கம், பிள்ளை ஒன்றுக்கு 12 புள்ளி. 85 வந்தால் வீட்டுக்குப் போகலாம். ஆளுக்கு ஆள் பார்த்தால் நியாயமான கணக்கு. ஆனால் ஒன்றாகச் சண்டை போட்ட யூனிட்டைப் பிரித்துப் புள்ளி உள்ளவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை இன்னொரு பக்கமும் மாற்றிப் போட வேண்டியிருந்தது.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படைக்கு இன்னும் மோசம். பெரும்பாலோருக்கு 12 மாதம், மரைன்களுக்கு (கடல்வழி போய்த் தரையில் சண்டை போடும் படை) 13. ஒவ்வொருவருக்கும் தன் தேதி. யூனிட் அங்கேயே இருக்கும், ஆட்கள் மட்டும் ஒவ்வொருவராக வருவார்கள், போவார்கள். காட்டிலிருந்து கிளம்பியவன் இரண்டு மூன்று நாளில் விமானத்தில் வீட்டு வாசலில் இறங்கிவிடுவான். தன் கூட்டம் இன்னும் அங்கே இருக்கிறது, தான் மட்டும் இங்கே.

1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில் வேறு மாதிரி நடந்தது. ஜூன் 14-ல் சண்டை நின்றது. பிரிட்டிஷ் மரைன்களில் பெரும்பகுதியினர் கான்பெரா என்ற பயணிகள் கப்பலில் திரும்பி, ஜூலை 11-ல்தான் சவுத்தாம்ப்டனில் இறங்கினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கடலில், அதே ஆட்களோடு. பிரிட்டிஷ் படை பிற்பாடு ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்புகிறவர்களைச் சைப்ரஸில் ஒன்றரை நாள் போல நிறுத்தி, அப்புறம் வீட்டுக்கு அனுப்பியது. நீச்சல், நல்ல படுக்கை, சாதாரண உடை, தன் கூட்டத்தோடு. அந்த ஒன்றரை நாள் எதைச் சரிசெய்துவிடும் என்று கேட்டால், நான் பெரிதாக எதிர்பார்க்க மாட்டேன். ஆனால் ஒவ்வொருவனையும் தனியாகத் தள்ளிவிடக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

மேல்தளம் · சனி, காலை 10:19

கொஞ்சம் தலைப்பை விட்டு விலகுகிறேன். திருக்குறளில் 77-வது அதிகாரம் படைமாட்சி, 78 படைச்செருக்கு. அடுத்தது என்ன தெரியுமா? 79 நட்பு. அப்புறம் 81 பழைமை. வள்ளுவர் பட்டாளத்தில் இருந்திருப்பாரோ?

மருந்துப்பை · சனி, காலை 10:40

அரசனுக்குத் தேவையான அங்கங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார், படைக்கு அப்புறம் நட்பு வருகிறது. அவ்வளவுதான். ஆனாலும் நல்ல கண்டுபிடிப்பு.

நெறியாளர் · சனி, காலை 11:00

குறள் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தொடர வேண்டாம். யாரும் யூனிட் பெயர், இடம், போன் நம்பர் பொதுவில் போட வேண்டாம் என்றும் நினைவூட்டுகிறேன்.

நேர்க்கேள்வி · ஞாயிறு, இரவு 1:48

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

1913-ல் கெட்டிஸ்பர்க்கில் ஒரு ஒன்றுகூடல் நடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் அந்தச் சண்டை முடிந்து 50 வருடம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிழவர்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும். ஒருவரையொருவர் சுட்டவர்கள், அதே வேலிச்சுவரின் இரு புறமும் நின்று கை குலுக்கும் படம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து நான் ரொம்ப நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். எந்தக் காரணத்துக்காகப் போர் நடந்ததோ, எந்தக் கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக நடந்ததோ, அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இவர்கள் கட்டித் தழுவுகிறார்கள் என்று. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு ஒன்று தோன்றியது. எதிரியிடம் போய் அவன் தேடியது என்ன? தோழமையாக இருக்க முடியாது. அவனுக்கு அன்று அங்கே இருந்த இன்னொருவன் வேண்டும். அந்த வெயில், அந்தச் சத்தம் எல்லாம் நடந்ததுதான் என்று சொல்ல ஒரு சாட்சி. பெண்டாட்டி பிள்ளைகளிடம் எவ்வளவு சொன்னாலும் அது கதைதான்.

என்னை அடித்தவர்களில் ஒருவனைப் பற்றி இரண்டு வருடம் முன்னால் தற்செயலாகக் கேள்விப்பட்டேன், இறந்துவிட்டான் என்று. சந்தோஷப்பட வேண்டியவன் நான். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த ராத்திரி நடந்தது என்பதற்கு என்னைத் தவிர ஒரு ஆள் குறைந்துவிட்டான் என்று இருந்தது. இதற்குப் பெயர் ஏக்கம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயர் தெரியவில்லை.

பழையபெட்டி · ஞாயிறு, காலை 5:02

விழித்திருக்கிறேன். படித்தேன்.

பழையபெட்டி · மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 9:36

எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். இடையில் ஒரு காரியம் செய்தேன். அந்த விசில் அடிக்கிறவனைத் தேடிப் போனேன். மேல்தளம் சொன்னது சரி, அவன் அம்மா வீடு மாறவில்லை.

ஒரே ஏமாற்றம். முதல் பத்து நிமிடம் கட்டிப்பிடித்தோம், அவன் கண் கலங்கியது, என் கண்ணும்தான். அப்புறம் பேச ஒன்றும் இல்லை. அவன் தொழில் எனக்குப் புரியவில்லை, என் வேலை அவனுக்கு அலுப்பு. பழைய கதைகள் நாலைச் சொல்லி முடித்தோம், அவனுக்கு நினைவிருப்பது வேறு, எனக்கு நினைவிருப்பது வேறு. அவன் மனைவி கடிகாரத்தைப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. இதற்காகவா நாலு வருடம் தூங்காமல் கிடந்தோம் என்று இருந்தது.

கிளம்பினேன். என்னை ரயிலடியில் விடுவதாகச் சொல்லித் தன் பழைய வேனை எடுத்தான். பாதி வழியில் நின்றுவிட்டது. மழை வேறு. இறங்கினோம். அப்போதுதான் கவனித்தேன், இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. நான் பின் சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன், அவன் பானெட்டைத் திறக்கிறான். நான் கையை நீட்டினால் அதில் டார்ச் இருக்கிறது. அவன் தலையை நிமிர்த்துவதற்குள் நான் ஸ்பானரை வைத்துவிட்டேன். அவன் "ம்" என்றால் தள்ளு, இரண்டு "ம்" என்றால் நிறுத்து. நாலு வருடமாக யாரிடமும் நான் இப்படி ஒரு வேலை செய்யவில்லை. ஒன்றரை மணி நேரம். நடுவில் அவன் விசில் அடிக்க ஆரம்பித்தான். அதே பாட்டு. அதே இடத்தில் சுருதி தப்பியது. எனக்கு இப்போதும் கொலை செய்யத்தான் தோன்றியது.

ரயிலை விட்டுவிட்டேன். அன்று ராத்திரி அவன் வீட்டுக் கூடத்தில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். காலையில் அவன் என் கால் கட்டைவிரலைத் தொட்டு எழுப்பினான்.

நேர்க்கேள்வி, உங்களுக்குத் தனிச் செய்தி ஒன்று அனுப்பியிருக்கிறேன். எங்கள் பாரக்கில் அடி வாங்கிய பையனைப் பற்றி அவனிடமும் கேட்டேன், அவனுக்கு முகவரி தெரிந்திருக்கிறது. கடிதம் எழுத உட்கார்ந்தால் முதல் வரி வர மாட்டேன் என்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் நீங்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன், அப்படி ஒரு கடிதம் வந்தால் பிரிப்பீர்களா?

நேர்க்கேள்வி · திங்கள், இரவு 11:55

பார்த்தேன். உடனே பிரிக்க மாட்டேன். தூக்கியும் போட மாட்டேன். எழுதுங்கள், ஆனால் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று மட்டும் தொடங்காதீர்கள்.

சாளரம் · செவ்வாய், காலை 8:20

என் கணவரிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: வேன் கிளம்பியதா?

பழையபெட்டி · செவ்வாய், காலை 8:31

இல்லை. காலையில் மெக்கானிக் வந்து பார்த்தார். நாங்கள் பிரித்த பாகத்தில் கோளாறே இல்லையாம். டீசல் தீர்ந்திருக்கிறது.